கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கருத்துக்கணிப்பில் சதவீதங்களைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். ஆனால் என்ன கேட்டார்கள், எந்தெந்த விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் அந்த எண்களை எப்படி நம்புவது?

படிக்கும் காலத்தில் இரண்டு மாதம் வீடு வீடாகப் போய்க் கணிப்பு எடுத்திருக்கிறேன். "உங்களுக்குப் பெரிய கவலை எது?" என்று ஒரு கேள்வி. விலைவாசி, வேலை, ஊழல், பாதுகாப்பு என்று நான்கே விடைகள். ஒரு பெரியவர் நான்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரி படுத்த படுக்கையாக இருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு அதுதான் தம்பி கவலை" என்றார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை. 'வேறு' என்றொரு கட்டம்கூடக் கிடையாது. பக்கத்தில் எது வருமோ அதில் போடு என்பது மேற்பார்வையாளர் உத்தரவு. விலைவாசியில் டிக் அடித்தேன். மருந்துச் செலவும் விலைவாசிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது தப்பு என்று இன்றும் உறுத்துகிறது.

சரி, 'வேறு' என்று ஒன்று இருந்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் 2008 அதிபர் தேர்தல் முடிந்ததும், எந்தப் பிரச்சினையை முக்கியமாக நினைத்து வாக்களித்தீர்கள் என்று ப்யூ ஆய்வு மையம் கேட்டது. ஐந்து விடைகளை வாசித்துக் காட்டியபோது 58 சதவீதம் பேர் பொருளாதாரம் என்றார்கள். பட்டியலே இல்லாமல் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 35 சதவீதம்தான். பட்டியல் இல்லாமல் பதில் சொன்னவர்களில் 43 சதவீதம் பேர் அந்த ஐந்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்கள். பட்டியலைக் கேட்டவர்களில் அப்படி வெளியே போனவர்கள் வெறும் 8 சதவீதம். கேட்கிறவர் வாசித்ததற்குள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றிவிடுகிறது. அப்புறம் அதையே 'மக்கள் கருத்து' என்று தலைப்பிடுகிறோம்.

முதலில் கொஞ்சம் பேரிடம் பட்டியல் இல்லாமல் கேட்டு, அவர்கள் வாயிலிருந்து வந்ததை வைத்து விடைகளை அமைக்கலாம். கணிப்பு எடுக்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. நேரமும் பணமும் ஆகும், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த கணிப்பை வெளியிடும்போது கேள்வியையும் கொடுத்த விடைகள் அத்தனையையும் அப்படியே பக்கத்தில் போடுங்கள். 'தெரியவில்லை' என்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்