கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளி வீரர்களின் கண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். எழுதியவர் உழைத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், "பவர் மாறினால் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்ந்தது, பூமிக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும், இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?" என்று கேட்டிருக்கிறார். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

நாற்பது வயதைக் கடந்த வீரர்களுக்குக் கூடுதல் பிளஸ் பவரில் கண்ணாடி கொடுத்து அனுப்புகிறது நாசா. அது உண்மைதான். ஆனால் பவர் மாறுவதற்கு என்ன காரணம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எடையற்ற நிலையில், காலில் இருக்க வேண்டிய நீரில் ஏறக்குறைய 2 லிட்டர் தலைப்பக்கம் ஏறிவிடுகிறது. விழியின் பின்சுவர் தட்டையாகிறது, அதனால்தான் பக்கத்தில் இருக்கிற எழுத்து மங்குகிறது. அதோடு நின்றால் கண்ணாடி போதும். சிலருக்குப் பார்வை நரம்பு கண்ணுக்குள் வந்து சேரும் இடமே வீங்குகிறது, விழித்திரைக்கு அடியில் மடிப்புகள் விழுகின்றன. அந்த வீக்கத்தைக் கண்ணாடி என்ன செய்யும்?

2005-ல் விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு இறங்கிய ஜான் பிலிப்ஸுக்கு 20/20 ஆக இருந்த பார்வை 20/100 ஆகியிருந்தது, அதாவது நல்ல கண்ணுக்கு 100 அடியில் தெரிவது அவருக்கு 20 அடிக்கு வந்தால்தான் தெரியும். 2009-ல் அங்கே இருந்த மைக்கேல் பாரட், ராபர்ட் தர்ஸ்க் இருவரும் டாக்டர்கள். படிக்கச் சிரமமாக இருக்கிறதே என்று ஒருவர் கண்ணை மற்றவர் கருவி வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியை மாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை, கண்ணின் உள்ளே பார்த்தார்கள். 2011-ல் ஏழு வீரர்களைப் பற்றி வெளியான ஆய்வில் ஐந்து பேருக்கு நரம்பு வீக்கம். வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது, சரி. ஆனால் தட்டையான விழி சிலருக்குப் பூமிக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கான பிறகும் பழையபடி ஆகவில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்று எப்படி எழுத மனம் வந்தது?

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் மகளுக்குக் கல்லூரி முடித்த வருடம் தலைவலி ஆரம்பித்தது. கண்ணாடிக் கடையில் மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லிவிட்டு, "லேசாக பிளஸ் பவர் வந்திருக்கிறது" என்று கண்ணாடி கொடுத்தார்கள். தலைவலி போகவில்லை, பவரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவள் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சில நொடிகள் இரண்டு கண்ணும் இருட்டிவிட்டதாம். அப்புறம்தான் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, கண்ணின் பின்புறத்தைப் பார்த்தார். பார்த்தவர் அன்றைக்கே நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். இரண்டு நரம்பும் வீங்கியிருந்தன. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து அளந்தபோது மண்டைக்குள் அழுத்தம் மிக அதிகம். மாத்திரையில் குறைந்தது. ஆனால் இடது கண்ணில் போன ஓரப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ஸ்கூட்டி ஓட்டுவதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு வந்ததும் வீரர்களுக்கு வருவதும் ஒன்றல்ல, எனக்கும் தெரியும். வீரர்களுக்கு அப்படிப்பட்ட தலைவலி பெரும்பாலும் இருப்பதில்லை. மண்டைக்குள் அழுத்தம் கூடுவதுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் முடிவு கட்டவில்லை. அதற்காகத்தான் ஐயா இத்தனை ஆராய்ச்சி! என் மகளுக்கு மாதாமாதம் எடுத்தார்களே, கண்ணின் பின்புறத்தை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன், அதே வகைக் கருவியை விண்வெளி நிலையத்திலேயே வைத்து நரம்பின் வீக்கத்தை அளக்கிறார்கள். செவ்வாய்க்குப் போய்வர மூன்று ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். நடுவழியில் ஒருவருக்குக் கண் போனால் எங்கே இறக்கிவிடுவது?

உங்கள் இதழில் கண் என்றாலே இப்படித்தான். சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் கழித்துத் திரும்பியபோது அட்டைப்படக் கட்டுரை போட்டீர்கள். அவர் கூந்தலைப் பற்றி ஒரு பத்தி, சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி, கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தபோதும் அப்படியே. மருத்துவக் கேள்வி பதிலில் ஓயாத தலைவலி என்று ஒரு பெண் எழுதியதற்கு, "கண் பவரைப் பரிசோதித்துக் கண்ணாடி அணியுங்கள்" என்று மட்டும் பதில் வந்தது. அன்றைக்கே பதறிப்போய் ஒரு கடிதம் எழுதினேன், அது இதழில் வரவில்லை. அதற்கு அடுத்த இதழில் கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று பெட்டிச் செய்தி போட்டீர்கள். முழுப் பக்கமாக இருந்த அறிவியல் பகுதி அரைப் பக்கமாகச் சுருங்கியதைப் பற்றி எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. அப்பா காலத்திலிருந்து இந்த இதழை வாங்குகிற வீடு இது. அந்த உரிமையில்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் போடுங்கள். அதற்குக் கீழே, பவர் திடீரென்று மாறினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, கண் டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து விட்டு நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று இரண்டு வரி சேருங்கள். அறிவியல் பக்கத்தில் இடம் இல்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும், அதைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்