தரவு மையங்களில் பெண் தலைமை: பேனல் அறைக்குள் விட்டால்தான் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவி மும்பையில் ஐரோலி, ரபாலே, மாப்பே பகுதிகளில் எழும்பிவரும், நிறுவனங்களின் சர்வர் கணினிகளை வைத்து இயக்கும் தரவு மையங்களைப் பற்றியும், அவற்றால் வரும் வேலைவாய்ப்புகளைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அந்த வேலைகளில் பெண்களுக்கு எத்தகைய இடம் கிடைக்கிறது என்பதைப் பற்றி, அத்துறையின் மின்பராமரிப்புப் பிரிவில் நெடுநாள் பணியாற்றி வருபவள் என்ற முறையில் சில செய்திகளை எழுத விரும்புகிறேன்.

தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரிவோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பெரும்பாலும் மென்பொருள் எழுதுவோரையும் சேவைப் பிரிவினரையும் எண்ணிச் சொல்லும் கணக்கு. அந்த மென்பொருள் ஓடும் சர்வர்களுக்கு மின்சாரமும் குளிர்காற்றும் ஒரு நொடியும் நிற்காமல் கொடுக்கும் இடத்துக்கு வந்தால் நிலைமை வேறு. உயரழுத்த மின்பேனல் (சுவிட்சுகள் அடங்கிய பலகை), டிரான்ஸ்ஃபார்மர், யு.பி.எஸ். (மின்தடையின்போது உடனே கைகொடுக்கும் பேட்டரி அமைப்பு), டீசல் ஜெனரேட்டர், சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) ஆகியவற்றைக் கவனிக்கும் ஷிஃப்டில் ஒரு பெண்ணைக் காண்பது அரிது. ஷிஃப்ட் பொறுப்பாளராகக் காண்பது அதனினும் அரிது.

இதற்குக் காரணம் படித்த பெண்கள் இல்லாமை அன்று. இத்துறையில் ஒருவர் எப்படி மேலே வருகிறார் என்பதைக் கவனித்தால் காரணம் தெரியும். வாடிக்கையாளர் பயன்பாடு மிகக் குறைவாக இருக்கும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் பெரிய பராமரிப்புப் பணிகள் நடக்கும், ஒரு யு.பி.எஸ்.ஸை லோடிலிருந்து, அதாவது மின்சுமையிலிருந்து, விலக்குவதும், ஒரு பஸ்பாரை (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் உலோகப் பட்டையை) ஷட்டவுன் எடுத்து, அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை முடித்து, திருப்பிக் கொடுப்பதும் அப்போதுதான். எந்தச் சுவிட்சை எப்போது திறக்க வேண்டும், யாரும் தவறி இயக்கிவிடாதபடி எங்கே பூட்டுப் போட வேண்டும் என்று பெர்மிட் (வேலைக்கான அனுமதிச் சீட்டு) எழுதி, கையெழுத்திட்டு, நான்கு பேரை நிறுத்தி வேலை வாங்கியவருக்கே அடுத்த பொறுப்பு தரப்படுகிறது. 2020 அக்டோபர் 12 அன்று காலை மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் போய், லோக்கல் ரயில்கள் நின்ற நாளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் ஜெனரேட்டர்கள் லோடை ஏற்கும்வரை பேனல் முன் நின்றவருக்கு, பின்னர் பதவி உயர்வு நேர்காணலில் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது. அன்று கண்காணிப்புத் திரையின் முன்னால் அமர்த்தப்பட்டிருந்தவருக்கு, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்தப் பதில் இல்லை.

பெண் பொறியாளர்கள் அமர்த்தப்படுவது பெரும்பாலும் அந்தத் திரையின் முன்னால்தான். இல்லையென்றால் தணிக்கைக் கோப்புகள், ஒப்பந்ததாரர் பில்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புபவருக்குப் பகல்நேர ஆவணப் பணி கொடுக்கப்படுவது முதல் சில மாதங்களுக்குக் கருணைதான். அதுவே நிரந்தரமாகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டால், பாதுகாப்பு, சட்டம் என்பார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவுப் பணியைத் தடுத்தது உண்மை. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டமோ, பெண்ணின் ஒப்புதலும், போதிய பாதுகாப்பும், வீட்டு வாசல்வரை வாகன வசதியும் இருந்தால் இரவு 9.30 மணிக்குப் பிறகும் அவர் பணிபுரியலாம் என்கிறது. ஆகவே தடையாக நிற்பது வாகனச் செலவும் மேலாளரின் தயக்கமும்தான். பின்னிரவில் தாணே–வாஷி தடத்தில் ரயில் கிடையாது என்பதை அறிந்தே ஷிஃப்ட் போடுகிறார்கள். வாகனத்தையும் சேர்த்தே போடலாம் அல்லவா?

அடுத்து, வழிகாட்டுதல் திட்டங்கள். மார்ச் மாதத்தில் மகளிர் தினத்தையொட்டி ஓர் அரங்கு, உயர்பதவியில் உள்ள ஒரு பெண்மணியின் உரை, தன்னம்பிக்கை பற்றிய பயிற்சி, மதிய உணவு. இவற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தன்னம்பிக்கை குறைவாக இருப்பதால் எந்தப் பெண்ணும் ஷட்டவுன் எடுக்காமல் இருக்கவில்லை, அவரை யாரும் எடுக்க விடவில்லை. அறிவுரை சொல்பவர் வேறு, "இவர் செய்வார், தவறு நேர்ந்தால் நான் பொறுப்பு" என்று வாடிக்கையாளரின் எதிரில் சொல்பவர் வேறு. எனக்குப் பயன்பட்டவர் இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு மூத்த மராத்திய அதிகாரி. புதிய கட்டடத்தை இயக்கிப் பார்க்கும் சோதனை நாட்களில் வேலையின் வரிசைமுறையை என்னையே எழுதச் சொல்லி, அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, மறுநாள் கூட்டத்தில் கேள்விகளுக்கு என்னையே பதில் சொல்லவும் வைத்தார். மூத்த பெண்கள் இல்லாத துறையில் பெண்களுக்குப் பெண்களே வழிகாட்ட வேண்டும் என்று காத்திருப்பது வீண்.

நம் ஊரிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. 1919இல் சென்னையில் பிறந்து, 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்த ஏ. லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளரானார். பின்னாளில் கல்கத்தாவில் பணியாற்றி பக்ரா நங்கல் திட்டத்தின் மின்கடத்திப் பாதைகளை வடிவமைக்கும் பணியிலும் பங்கேற்றார். அவருக்குக் கதவைத் திறந்தவர்கள் அக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தையும், இசைவளித்த முதல்வர் கே.சி. சாக்கோவும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவரைத் தனியே விடாமல், லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரு மாணவிகளையும் கல்லூரி சேர்த்துக்கொண்டதுதான். திரேசியா பிற்பாடு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒரு ஷிஃப்டில் ஒரே ஒரு பெண்ணைப் போட்டுவிட்டு, அவர் விலகியதும் "பார்த்தீர்களா" என்று சொல்லும் மேலாளர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஜெனரேட்டர் முற்றத்துக்கு அருகே பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததையும், மின்காப்புக் கையுறைகள் ஆண்களின் அளவிலேயே வாங்கப்படுவதையும் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். கையுறை தொளதொளவென்று இருந்தால் பிடி நழுவும் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த தமிழ்ப் பெண்களின் பெற்றோரிடம் பேசும்போது ஒரு வேடிக்கையைக் காண்கிறேன். கால் சென்டருக்கு இரவில் கம்பெனி வண்டியில் மகளை அனுப்புவதில் தயங்காதவர்கள், தரவு மையத்தின் மின்பிரிவு என்றால் "ஆம்பளை வேலை ஆச்சே" என்கிறார்கள். இத்தகைய பெண்கள் சேர்வது பெரும்பாலும் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில். தரவு மையத்தின் உரிமை நிறுவனம் நடத்தும் வழிகாட்டுதல் திட்டம் அந்தப் பட்டியலை எட்டுவதே இல்லை. பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கட்டாயமாக்கியதை வரவேற்கிறேன். இயக்குநர் அறையில் இருக்கும் அந்தக் கட்டாயம், இரவு ஷிஃப்டின் பெயர்ப் பட்டியலில் யாருக்கும் இல்லை.

இங்கே அழுத்தம் கொடுக்கக்கூடியவர்கள் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களுமே என்பது என் கருத்து. தங்கள் சர்வர்களை வைக்க இடம் வாடகைக்கு எடுக்கும்போது, டீசல் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும், பேட்டரிகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்றெல்லாம் கேட்டுத் தணிக்கை செய்கிறார்கள். ஒப்பந்தப் பணியாளர் உட்பட இரவு ஷிஃப்டில் எத்தனை பெண்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மின் மேற்பார்வையாளர் உரிமம் பெற உதவப்பட்டது, அவர்களுக்குப் பொறுப்பேற்ற மூத்தவர் யார் என்னும் கேள்விகளையும் அதே படிவத்தில் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பொறியாளரான ஒரு வாசகி,
முலுண்ட் கிழக்கு, மும்பை.