நெறி கட்டி வரும் பிள்ளைகளை போலீஸுக்குச் சொல்லாதீர்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் டீன்களுக்கும் வணக்கம்.

வலி நிவாரணி மாத்திரையைத் தூளாக்கி, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊரில் எத்தனை மாத்திரை பிடிபட்டது, எத்தனை பேர் கைது என்று செய்தியில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் செய்திகளில் வராத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதே பிள்ளைகள் அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி, சீழ் பிடித்து, காய்ச்சலோடு அரசு மருத்துவமனைக்கு வரும்போது அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்?

கேட்பது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டதால் வந்த கட்டி, நெறிகட்டு, காய்ச்சல் என்று வருகிறவர்களைப் பற்றி போலீஸுக்குத் தகவல் கொடுக்கக் கூடாது, மற்ற நோயாளிகளுக்குத் தரும் முழு சிகிச்சையையும் அவர்களுக்கும் தர வேண்டும் என்று எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

என் தம்பிக்கு 22 வயது. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை, வேறு எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று இப்போது பலரிடம் பேசியபிறகு தெரிகிறது. இடது அக்குளில் முதலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. "வலிக்கலையாடா?" என்று கேட்டேன். "பெருசா இல்லக்கா" என்றான். அது பொய் இல்லை. அவன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்ததே வலி நிவாரணிதான், சீழ் பிடித்த இடத்தின் வலியையும் சேர்த்து அது அமுக்கி வைத்திருந்தது. குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்த பிறகுதான் ஓபி சீட்டு வாங்கினோம்.

டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார், அடிபட்டதா, புண் ஏதும் இருந்ததா என்று. முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த தம்பி "தெரியல சார்" என்றான். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது. உள்ளே நுழையும்போதே அவுட்போஸ்ட் போலீஸைப் பார்த்துவிட்டான் என்பதும், உண்மையைச் சொன்னால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும் என்று பயந்தான் என்பதும் பிறகு அவனே சொல்லித்தான் தெரியும். அதனால் அவர்கள் டிபி இருக்குமா என்று தேடினார்கள். எக்ஸ்ரே, சளி டெஸ்ட், கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்து ஒரு டெஸ்ட். நம் நாட்டில் நெறி கட்டி வருகிறவருக்கு டிபியை நினைப்பது சரியான மருத்துவம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் பயப்படாமல் வாய் திறந்திருந்தால் அன்றைக்கே கட்டியைக் கீறி, ஆண்டிபயாடிக் ஏற்றியிருப்பார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அந்த இடம் சிவந்து, பழுத்து, தானாக உடைந்துவிட்டது.

அட்மிட் செய்து சட்டையைக் கழற்றியபோது கையில் ஊசித் தடங்கள் தெரிந்தன. அந்த நிமிடத்திலிருந்து எல்லாம் மாறிப்போனது. வார்டு முழுக்கக் கேட்கும்படி "ஊசி கேஸ்" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் பையைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள். சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது டிரெஸ்ஸிங்.

கீறிவிட்ட குழிக்குள் துணியைத் திணித்து வைத்திருப்பார்கள், தினமும் காலையில் அதை வெளியே இழுத்து, கழுவி, புதிதாகத் திணிக்க வேண்டும். எதிர்க் கட்டிலில் சர்க்கரைப் புண்ணோடு இருந்த பெரியவருக்கு டிரெஸ்ஸிங்குக்கு முன்னால் வலிக்கு ஊசி போட்டார்கள். என் தம்பிக்குப் போடவில்லை. நான் கேட்டேன். "போடுறவனுக்கு எதுக்கும்மா வலி மருந்து, பழகின உடம்புதானே" என்று பதில் வந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அலறினான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா, அம்மா, நீங்கள் மருத்துவம் படித்தவர்கள், நான் பி.காம். படித்தவள். ஆனாலும் கேட்கிறேன்: ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்து பழகிய உடம்புக்கு வலி குறையும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வழக்கமான அளவு அவர்களுக்குப் போதாது என்றல்லவா இருக்கிறது? அந்த மருந்து வேண்டாம் என்றால் மரத்துப்போக ஊசி இல்லையா, வேறு வகை வலி மருந்து இல்லையா? அதோடு மாத்திரை நின்றுபோனதால் அவனுக்கு வாந்தி, பேதி, உடம்பு முழுக்க முறுக்கு, இரவெல்லாம் தூக்கம் இல்லை. அதற்கும் யாரும் எதுவும் தரவில்லை. நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெநார்ஃபின் மாத்திரையை, ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மாற்று மருந்தாக தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே மையங்கள் வைத்துக் கொடுக்கிறது. வார்டில் கிடந்தவனுக்கு அது கிடைக்கவில்லை.

ஒரு இரவு கையில் ஊசி குழாயோடு எழுந்து போய்விட்டான். கேஸ் ஷீட்டில் 'அப்ஸ்காண்டட்', அதாவது சொல்லாமல் ஓடிவிட்டான் என்று எழுதி கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நகையை அடகு வைத்து தனியாரில் பார்த்துத்தான் அவன் இன்று உயிரோடு இருக்கிறான்.

அங்கேதான் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாத்திரை வாயில் போட்டு விழுங்கச் செய்தது. அதில் டால்க், மாவு, செல்லுலோஸ் எல்லாம் கலந்திருக்கும். கரைத்து ஏற்றினால் அந்தத் துகள்கள் ரத்தத்தோடு நுரையீரல் வரை போய் அடைக்கும். சுத்தமில்லாத தண்ணீர், பலபேர் கை மாறிய சிரிஞ்ச், தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, இவை எல்லாம் உள்ளே போகின்றன. கையில் நுழைந்த கிருமி அக்குளில் நெறி கட்டும் நிணநீர் முடிச்சிலும், காலில் நுழைந்தது தொடை இடுக்கிலும் தேங்கும். அங்கே தடுக்க முடியாமல் போனால் ரத்தம், அப்புறம் இதய வால்வு. இதனால்தான் தம்பிக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தார்கள். வால்வு தப்பித்தது.

ஊசி மட்டும் குற்றவாளி இல்லை போலிருக்கிறது, மருந்துக்கும் பங்கு இருக்கலாம். மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் நோய் எதிர்ப்புச் செல்களின் வேலையை மந்தமாக்குவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், டாக்டர் சீட்டோடு ஓபியாய்டு வலி மருந்து எடுத்தவர்களிடம் நிமோனியா போன்றவற்றை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியின் தீவிரத் தொற்று சுமார் 1.6 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. நெறிகட்டுக்கும் இந்த மருந்துகளுக்கும் நேரடித் தொடர்பு என்று அடித்துச் சொல்ல அது போதாது. ஆனால் இவர்களுக்கு வரும் காய்ச்சலை அலட்சியப்படுத்தக் கூடாது என்று சொல்லத் தாராளமாகப் போதும். புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் எடுக்கிறவர்கள் இதைப் படித்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம், உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று சொல்வீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்தவரோ பயன்படுத்தியவரோ தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் போதை மீட்பு சிகிச்சை கேட்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளை நோயாகவே பார்க்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்தக் கருணை கேஷுவாலிட்டி வாசல்வரை ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் என் கேள்வி.

இதே தமிழ்நாட்டில்தான் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் இலவச சிகிச்சை தருகிறோம். 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், பயமுறுத்தினால் மக்கள் ஒளிந்துகொள்வார்கள், ரகசியம் காத்தால் தாங்களாகவே வருவார்கள் என்று நாம் கற்றுக்கொண்டோம். அதனால்தான் அரசு மருத்துவமனைகளின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை அறைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. அந்த நம்பிக்கையை இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்க என்ன தடை?

எனக்கு இன்னும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 2018இல் டிரமடால் என்ற வலி மருந்தைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், சந்தை டேபென்டடால் என்ற இன்னொரு வலி மருந்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. கூரியரில் வெளிமாநிலத்திலிருந்து பெட்டி பெட்டியாக வருவதாக போலீஸே சொல்கிறது. ஆனால் போட்டோவில் தரையில் உட்கார வைக்கப்படுவது கடைசியில் வாங்கிப் போட்டவன். தயாரித்தவர், மொத்தமாக விற்றவர், பில் இல்லாமல் கொடுத்தவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறார்கள். இத்தனை பேரையும் பிடித்து அடைத்துத் தீர்க்க முடியுமா?

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. தம்பியோடு படித்த பையன் ஒருவனுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. காய்ச்சல் இருக்கிறது. அவன் அம்மா கெஞ்சியும் ஜிஎச்சுக்கு வர மறுக்கிறான். தம்பிக்கு நடந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவனிடம் "பயப்படாம வாடா" என்று சொல்ல எனக்கு ஆசைதான், எதைக் காட்டிச் சொல்வது?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன், அந்தச் சுற்றறிக்கையை அனுப்புங்கள். போலீஸ் தகவல் கிடையாது, டிரெஸ்ஸிங்குக்கு முன் வலி மருந்து உண்டு, மாத்திரை நின்றதால் வரும் அவஸ்தைக்கு வார்டிலேயே மருந்து உண்டு, எச்.ஐ.வி.யோடு மஞ்சள் காமாலை பி, சி டெஸ்ட்டும் உண்டு என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அதன் நகலை கேஷுவாலிட்டியிலும் ஓபி சீட்டு கொடுக்கும் இடத்திலும் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அதைப் போட்டோ எடுத்து முதலில் அந்தப் பையனுக்குத்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா