செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரு மேற்கோளும் இரண்டு வருத்தங்களும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது வாசிப்பு வட்டம் இந்த ஆண்டு 12 கூட்டங்களுக்குத் திட்டமிட்டது. 10 நடந்தன. நடக்காத இரண்டில் ஒன்று மழையால், இன்னொன்று என்னால். அதைப் பிறகு சொல்கிறேன்.

மதத் தலைவர்களின் பேச்சும், அதையொட்டி கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எழும் உரசலும் என்பதையே ஆண்டின் பொருளாகச் சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. “வேண்டாத வேலை” என்று சிலர் அன்றே சொன்னார்கள். அது நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. இரண்டு சமயத்தவரும் உறுப்பினர்களாக இருக்கும் வட்டம் இது, பயம் நியாயமானதுதான். அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தப் பேச்சைப் பற்றிப் பேசினாலும், முழு உரையையும் படித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

முதல் மூன்று கூட்டங்களையும் ஒரே உரை எடுத்துக்கொண்டது. 2006 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், தாம் முன்பு பேராசிரியராக இருந்த ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை அது. நம்மில் பலர் அதைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தோம். படித்தவர் ஒருவர்கூட இல்லை. படித்தால், பெரும்பகுதி ஐரோப்பாவைப் பற்றியது. பகுத்தறிவு என்ற சொல்லை அறிவியலுக்குள் மட்டும் அடைத்து, கடவுளைப் பற்றிய கேள்வியை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்பது அவருடைய மனக்குறை. இஸ்லாம் வருவது தொடக்கத்துச் சில பத்திகளில்தான். அங்கே, கிறிஸ்தவரான பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மானுவேல் 1391 வாக்கில் ஒரு பாரசீக அறிஞரோடு நடத்திய விவாதத்திலிருந்து ஒரு வரியை எடுத்தாள்கிறார். நபிகள் நாயகத்தைக் கடுமையாகப் பழிக்கும் வரி. அதைத் திரும்ப இங்கே எழுதத் தேவையில்லை.

பல நாடுகளில் அந்த வரி மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. மேற்குக் கரையிலும் காசாவிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. நாப்லஸில் தாக்கப்பட்டவற்றில் ஆங்கிலிக்கன் தேவாலயமும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் இருந்தன. திருத்தந்தையைத் தலைவராக ஏற்காத சபைகள் அவை. 17ஆம் தேதி சோமாலியாவின் மொகதிஷுவில், செவிலியர்களுக்குப் பயிற்சி தந்துவந்த இத்தாலியக் கன்னியர் லியோனெல்லா சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த உரைதான் காரணமாக இருக்கும் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

அதே நாளில் திருத்தந்தை பேசினார். அந்த வரி தம்முடைய கருத்து அல்ல என்றார். சில நாடுகளில் எழுந்த எதிர்வினைகளுக்காக மிகவும் வருந்துவதாகச் சொன்னார். இந்த இடத்தில்தான் நமது கூட்டம் சூடானது. “எதிர்வினைக்கு வருந்துவது மன்னிப்பா?” என்று ஒரு பக்கம். “வேறொருவர் சொன்னதை மேற்கோள் காட்டியதற்கு இதற்குமேல் என்ன சொல்வார்?” என்று மறுபக்கம். அப்புறம் ஒரு உறுப்பினர் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துக் காட்டினார். மேடையில் பேசியபோது திருத்தந்தை, பேரரசரின் பேச்சு திடுக்கிடவைக்கும் அளவுக்கு முரட்டுத்தனமானது என்று மட்டுமே சொல்லியிருந்தார். பிறகு வெளியான அதிகாரபூர்வப் பிரதியில், அந்த முரட்டுத்தனம் நம்மால் ஏற்க முடியாதது என்ற சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அது தம் நிலைப்பாடு அல்ல என்று ஓர் அடிக்குறிப்பும் வந்திருக்கிறது. அந்த ஒரு தொடர் முதல் நாளே இருந்திருந்தால் என்று எல்லோருக்குமே தோன்றியது.

எனக்கு இந்த விவகாரத்தில் அதிகம் பிடித்தது பதில் வந்த விதம். ஒரு மாதம் கழித்து 38 முஸ்லிம் அறிஞர்கள் திருத்தந்தைக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதில் வசவு கிடையாது, பிழைதிருத்தம் இருந்தது. ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை’ என்ற குர்ஆன் வசனம் (2:256), நபிகள் வலிமையற்று இருந்த தொடக்க காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று உரை சொல்லியிருந்தது. அறிஞர்கள், இல்லை, அது மதீனா காலத்தது, முஸ்லிம்களின் கை ஓங்கத் தொடங்கியிருந்த நேரத்தில் வந்தது என்று காட்டினார்கள். கட்டாயப்படுத்தும் பலம் வந்தபோது கட்டாயம் கூடாது என்று சொன்னதாக அதன் பொருள் மாறிவிடுகிறது. ஒரு வாதத்தை இப்படித்தான் மறுக்க வேண்டும். மறு ஆண்டு, 2007 அக்டோபர் 13 அன்று, 138 அறிஞர்கள் கையெழுத்திட்டு எல்லாத் திருச்சபைத் தலைவர்களுக்கும் இன்னொரு மடல் போனது. இறையன்பு, பிறரன்பு இரண்டும் நம் இருவருக்கும் பொது என்பதே அதன் சாரம். 2008 நவம்பரில் இரு தரப்பும் ரோமில் உட்கார்ந்து பேசினார்கள்.

இனி, நடக்காத நான்காம் கூட்டம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு சமயச் சொற்பொழிவாளர் பேசும் 40 விநாடிக் காணொளித் துண்டு எனக்கு வந்தது. நெஞ்சு கொதித்தது. “இதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டு நமது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். விதியை எழுதியவனே நான்தான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். முழு உரையை இரண்டு நாள் கழித்து ஒரு உறுப்பினர் தேடி எடுத்துத் தந்தார். அந்தச் சொற்பொழிவாளர் எதிர்த்தரப்பின் வாதத்தைச் சொல்லிக்காட்டி, அடுத்த நிமிடமே அதை மறுக்கிறார். துண்டில் மறுப்பு இல்லை. அதற்குள் மூன்று பேர் குழுவை விட்டு வெளியேறியிருந்தார்கள். கூட்டத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

“யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்று எழுதி அனுப்பினேன். வெளியேறியவர்களில் மூத்தவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அந்த ‘இருந்தால்’ எதுக்கு? புண்பட்டிருக்கு. அதை எடுத்துட்டு அனுப்புங்க” என்றார். எடுத்துவிட்டு அனுப்பினேன். ஏழாம் கூட்டத்துக்கு அவர் வந்தார். மற்ற இருவர் இன்னும் வரவில்லை. அவர்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது, நீக்கவில்லை.

ஐந்தாம் கூட்டத்தில் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த டெரி ஜோன்ஸ் என்ற போதகரை எடுத்துக்கொண்டோம். அவருடையது சில டஜன் பேர் கூடும் சிறிய சபை. 2010 செப்டம்பர் 11 அன்று குர்ஆனை எரிப்பேன் என்று அறிவித்து, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாகி, பின்வாங்கினார். 2011 மார்ச் 20 அன்று அவருடைய சபையில் அது எரிக்கப்பட்டபோது அங்கே பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செய்தி ஆப்கானிஸ்தானுக்குப் போனது. ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் மசார்-இ-ஷெரீப்பில் கூட்டம் ஐ.நா. அலுவலகத்துக்குள் புகுந்து 7 ஊழியர்களைக் கொன்றது. அவர்களில் 4 பேர் நேபாளக் காவலர்கள். புளோரிடாவின் சண்டைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. யாருக்கும் பேசத் தோன்றவில்லை.

வத்திக்கானுக்கும் எகிப்தின் இஸ்லாமியக் கல்விப் பீடமான அல்-அஸ்ஹருக்கும் இடையே 2011இல் நின்றுபோன உரையாடல், 2016இல் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் சந்தித்தது, 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் மனித சகோதரத்துவ ஆவணத்தில் இருவரும் கையெழுத்திட்டது ஆகியவற்றை ஆறாம் கூட்டம் பார்த்தது. “மேலே கையெழுத்துப் போடுகிறார்கள், கீழே யாருக்குத் தெரியும்?” என்று ஒரு இளம் உறுப்பினர் கேட்டார். பாதி உண்மை என்றே நானும் நினைக்கிறேன்.

அவருக்காகவே அடுத்த கூட்டத்தில் நைஜீரியாவின் கடுனாவை வைத்தோம். 1992 கலவரத்தில் பாஸ்டர் ஜேம்ஸ் வூயே தன் வலது கையை இழந்தார். இமாம் முகம்மது அஷாஃபா தன் ஆசானையும் உறவினர்களையும் இழந்தார். இருவரும் எதிரெதிர்ப் படைகளின் தலைவர்கள். அஷாஃபாவை மாற்றியது ஒரு வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு. கல்லால் அடித்த தாயிஃப் மக்களை நபிகள் மன்னித்ததைப் பற்றி ஓர் இமாம் பேசியது. பிறகு இருவரும் சேர்ந்து சமரச வேலையில் இறங்கினார்கள். பேச்சால் வந்த கேட்டையே படித்துப் படித்துச் சோர்ந்திருந்த எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இமாம் லயாமாவுக்கும் குடும்பத்துக்கும் பேராயர் நஸபலைங்கா தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தது, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் கர்தினால் மால்கம் ரஞ்சித் ஒரு முஸ்லிம்மீதும் கைவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது ஆகியவற்றை எஞ்சிய கூட்டங்களில் படித்தோம். குறிப்புகள் கோப்பில் உள்ளன.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகத்திலிருந்து போன 4 புத்தகங்கள் திரும்பவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியும். காணொளித் துண்டு எதுவானாலும் முழு உரையின் இணைப்பு இல்லாமல் குழுவில் பகிரக் கூடாது என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. செயலாளருக்கும் அது பொருந்தும் என்ற சொற்களைத் தலைவர் சேர்த்திருக்கிறார். எனக்கு ஆட்சேபனை இல்லை.

கடைசியாக ஒரு திருத்தம். முன்பே சுற்றுக்கு விட்ட வரைவில், நான்காம் கூட்டம் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ நடைபெறவில்லை என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ‘செயலாளரின் தவறால்’ என்று மாற்றி வாசித்துக்கொள்ளும்படி கேட்டு, அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.