ரோடு அகலமாகிவிட்டது, பிக்கப் நேரம் ஏன் மாறவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விரைவுச்சாலையை அகலப்படுத்தும் வேலை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்துக்கு மூன்று லேனாக இருந்தது இப்போது ஐந்து. அன்றிலிருந்து எங்களுக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இவ்வளவு பெரிய ரோடு போட்டாச்சு, இன்னும் எதுக்குங்க ஏழு மணிக்கே வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிறீங்க?" ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் அலுவலக வேன்களின் காலை பிக்கப் நேரம் எதுவும் மாறாது. மாலையிலும் அப்படியே. புதிதாக ஒரு ட்ரிப் மட்டும் சேர்க்கிறோம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதுச் சாலை திறந்த முதல் மாதம் நாங்களும் ஏமாந்தோம். ஏழு பத்துக்குக் கிளம்பிய வேன், அலுவலக கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றது. உள்ளே இருந்தவர்கள் இன்னொரு தூக்கம் போட்டார்கள். நான் உடனே எல்லா நேரத்தையும் இருபது நிமிடம் தள்ளிவைத்துப் புது அட்டவணை எழுதி, அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். எங்கள் மூத்த டிரைவர்தான் தடுத்தார். "கொஞ்சம் பொறுங்க முதலாளி, ரோடு காலியா இருக்கிற விஷயம் ஊருக்கு இன்னும் தெரியல."

மூன்றாவது மாதம் ஊருக்குத் தெரிந்துவிட்டது, ரோடு மறுபடி நிரம்பிவிட்டது.

பீக் ஹவர் நெரிசலைப் பற்றி அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-லேயே இதைத்தான் எழுதினார். நகர விரைவுச்சாலையில் இடம் கூடினால், அது நிரம்பும்வரை ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள். வருகிறவர்கள் புதிதாக முளைத்தவர்கள் அல்ல. நெரிசலுக்குப் பயந்து உள்தெரு வழியாகப் போனவர்கள் திரும்பி வருவார்கள். ஆறு மணிக்கே கிளம்பியவர்கள் ஏழரைக்குக் கிளம்புவார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் போனவர்கள் காரை எடுப்பார்கள். வருடக்கணக்கில் பார்த்தால், ரோட்டை நம்பி இன்னும் தள்ளிப் போய் வீடு பார்க்கிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

இதில் எங்களுக்கே நேரடி அனுபவம் உண்டு. ரோடு திறந்ததும் நம் வேனில் வந்துகொண்டிருந்த சிலர் சந்தாவை நிறுத்திவிட்டுச் சொந்தக் காருக்கு மாறினார்கள். அவர்கள்மேல் குறை ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பன்னிரண்டு பேர் வரும் ஒரு வேன் காலியானால் அந்த இடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கார் வந்து சேரும். அவர்களில் நான்கைந்து பேர் போன மாதம் திரும்பி வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி ஃப்ரீவே இருக்கிறது. 2008-ல் விரிவாக்கம் முடிந்தது. சர்வீஸ் ரோட்டையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 லேன். அப்படியும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் அந்த வழியில் காலைப் பயண நேரம் சுமார் 30 சதவீதமும், மாலைப் பயண நேரம் சுமார் 55 சதவீதமும் கூடியது. டுரான்டன், டர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். நெடுஞ்சாலையின் லேன் நீளம் எவ்வளவு கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் தூரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

அதற்காக அகலப்படுத்தியதே வீண் என்று நான் சொல்லமாட்டேன். முன்பைவிட அதிகம் பேர் போகிறார்கள், அது லாபம்தானே. பழைய பாலத்தின் மேல் மூன்று லேன் திடீரென்று இரண்டாகும் இடம் ஒன்று இருந்ததே, அங்கே தினமும் பிரேக் போட்டுப் போட்டு எங்கள் வண்டிகளின் பிரேக் பேட் தேய்ந்தது. அந்த இடம் சரியானது உண்மையான நிம்மதி. பீக் ஹவரில் நீங்கள் வீடு போய்ச் சேரும் நேரம் குறையும் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

நம் வழியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. விரைவுச்சாலையில் ஒரு லேனில் மணிக்குச் சுமார் 2,000 கார் போகலாம். நாம் இறங்கும் எக்ஸிட் ஒற்றை லேன், அதன் அடியில் சிக்னல். பச்சை பாதி நேரம் எரிந்தாலும் அந்த ஒரு லேனில் மணிக்குச் சுமார் 900 வண்டிதான் இறங்கும். மேலே ஐந்து லேன் போட்டாலும் பத்து லேன் போட்டாலும் கீழே அதே 900. முன்பு இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் தொடங்கிய வரிசை இப்போது எக்ஸிட்டுக்குப் பக்கத்திலேயே கூடி நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசி அறுநூறு மீட்டரில் நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் அந்தப் பூச்செடித் தொட்டிகளை எங்கள் டிரைவர்கள் இலை எண்ணிச் சொல்வார்கள்.

அடுத்தது டிரைவர்கள் மேல் வரும் புகார். "முன்னாடி இவ்வளவு இடம் விடறாரு, எல்லாரும் உள்ள நுழையறாங்க, பக்கத்து லேன் போகுது, மாற மாட்டேங்கறாரு." இது என் உத்தரவு, அவர்களைத் திட்ட வேண்டாம். ஜப்பானில் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 காரை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் யாரோ லேசாக வேகம் குறைக்க, பின்னால் இருப்பவர் கொஞ்சம் அதிகமாகக் குறைக்க, அதற்கும் பின்னால் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த நிற்றல் ஒரு அலை மாதிரி பின்பக்கமாக நகர்ந்துகொண்டேயிருந்தது. காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் கிளம்புகிறோமே, பல சமயம் அது இதுதான். முன்னால் இடம் விட்டு ஒரே சீராகப் போகும் வண்டி அந்த அலையை அங்கேயே கொஞ்சம் கரைத்துவிடும். உள்ளே நுழையும் இரண்டு காரால் நமக்கு இழப்பு சில நொடிகள். லேன் மாறி மாறிப் போனால் உங்கள் கழுத்துக்குத்தான் வேலை.

அப்படியானால் நெரிசல் குறையவே குறையாதா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். குறைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 2006-ல் ஏழு மாதம், நகர மையத்துக்குள் நுழையும், வெளியேறும் வண்டிகளுக்கு நேரத்துக்கு ஏற்றபடி கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த வருடம் நிரந்தரமாக்கிவிட்டார்கள். இங்கே அதெல்லாம் வருமா என்பது என் கையில் இல்லை. வந்தால் வேன்காரனான எனக்கு லாபம் என்பதால் என் கருத்தைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது கிளம்பும் நேரம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை 6.20-க்கு ஒரு ட்ரிப் ஓடும். அந்த நேரத்தில் எக்ஸிட் சிக்னலில் ஒரே பச்சையில் இறங்கிவிடுகிறோம், இரண்டு வாரம் காலி வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டோம். மாலையில் அந்த வண்டி 4.30-க்கே திரும்பும், ஆகவே முன்கூட்டியே வேலையை முடிக்க உங்கள் அலுவலகம் சம்மதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தாவில் மாற்றம் இல்லை.

வாசலில் காத்திருக்கும் நேரம் எல்லா ட்ரிப்புக்கும் இரண்டு நிமிடம்தான். ஒருவருக்காக ஐந்து நிமிடம் நின்றால், ஏழரைக்குப் பிறகு அது எக்ஸிட்டில் பதினைந்து நிமிடமாகிவிடுகிறது.

6.20 வண்டியில் இடம் வேண்டுபவர்கள் 25-ம் தேதிக்குள் உங்கள் டிரைவரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டு இடம்தான், ஏற்கெனவே ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வேன் சேவை உரிமையாளர்