அந்தக் கடை வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, மாடி ஏறி வடாம் காயவைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பார்சலோனாவில் வந்து இறங்கிய மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ரம்ப்லா கடைவீதிப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தப்பாஸ் கடையில், அதுதான் சின்னச் சின்னத் தட்டுகளாகப் பல பண்டம் கொடுக்கிற ஸ்பெயின் சாப்பாட்டுக் கடையில், இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். எங்களைக் கூட்டிக்கொண்டு போனாயே, அதே கடை. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த இடத்தை ரத்து பண்ணிவிடு.

மெட்ரோவுக்குப் பக்கம், இங்கிலீஷில் மெனு, நாலு பேருக்கு மேஜை உடனே கிடைக்கும். நீ அதைப் பிடித்த காரணம் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு நாங்களும் வாயைத் திறக்கவில்லை. மகள் ஆசையாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும்போது நொட்டைச் சொல் எதற்கு என்று அம்மா மேஜைக்கு அடியில் என் காலைத் தட்டினாள். ஆனால் ஆயுசில் பாதியை ஓட்டல் கல்லாவில் கழித்தவன் கண்ணை மூடிக்கொண்டா சாப்பிட முடியும்?

உட்கார்ந்து ஆர்டர் கொடுத்து தண்ணீர் வருவதற்குள் ஆறு தட்டும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. எனக்கு அப்போதே சந்தேகம். உருளைக்கிழங்கு பொரியும் நேரம் வேறு, பூண்டெண்ணெயில் இறால் வேகும் நேரம் வேறு. எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வருகிறதென்றால் உள்ளே அடுப்பு எரியவில்லை, மைக்ரோவேவ்தான் சுற்றுகிறது. குரோக்கெத்தாவை எடுத்துக் கடித்தேன். ஓரம் நாக்கைச் சுட்டது, நடுவில் சில்லென்று இருந்தது. வெண்ணெயில் மாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, ராத்திரி முழுக்க ஆறவைத்து, மறுநாள் உருட்டிப் பொரிக்க வேண்டிய பண்டம் அது. இங்கே பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள். பத்தாத்தாஸ் பிராவாஸ் என்று வந்த உருளைக்கிழங்கின் மேல் கெட்சப்பும் மயோனைஸும். மாட்ரிட்டில் அதற்கு மிளகாய்த் தூளும் மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சாறு காய்ச்சுகிறார்கள், பழைய கைகள் தக்காளியே போடுவதில்லை. உங்கள் ஊரில் பூண்டு அரைத்த அல்யோலியும் காரமான எண்ணெயும் விடுவார்கள். கெட்சப் எங்கிருந்து வந்தது?

இதெல்லாம் கூடப் போகட்டும். அம்மாவுக்கு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அவள் சைவம் என்று நீ இரண்டு தடவை சொன்னாய், சப்ளையரும் தலையை ஆட்டினார். வந்தது என்சலாதியா ருசா. உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி எல்லாம் மயோனைஸில் பிசைந்தது, பார்க்கச் சைவம்தான். அம்மா முதல் வாயை வைத்துவிட்டுத் துணிநாப்கினை எடுத்து உதட்டில் அழுத்தினாள். உள்ளே சூரை மீன். அந்தத் தட்டில் அது வழக்கமாகப் போடுவதுதான், தெரிந்தவர்கள் முதலிலேயே கேட்டுவிடுவார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் அதில் மீனும் சேர்த்தி என்று அந்த ஊர் சப்ளையர்கள் எல்லாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவரைக்காயில் கூடப் பொடிப்பொடியாக ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, கிடக்கும். அப்புறம் அம்மா வெறும் உருளைக்கிழங்கைத் தொட்டாள், அதிலும் கணவாய் வாசனை. ஒரே சட்டி எண்ணெயில் இரண்டையும் பொரிக்கிறார்கள். கடைசியில் ரொட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு ரசம் வைத்துச் சாப்பிட்டாள். இப்போது யோசித்துப் பார். அம்மாவாவது நம் வீட்டு மனுஷி, சிரித்துச் சமாளித்துவிட்டாள். சம்பந்தியம்மா வாயில் அந்த மீன் போனால் மாப்பிள்ளை முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

பில்லில் அந்த ரொட்டிக்கும் ஆளுக்கு இத்தனை என்று தனியாகப் போட்டிருந்தார்கள். யாரும் கேட்காமலே கொண்டுவந்து வைத்த ரொட்டி. மெனுவில் விலை எழுதியிருந்தால் அவர்கள் வாங்கலாம், எழுதியும் இருந்தது, கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு. 2022-ல் வந்த சட்டப்படி அங்கே எந்த ஓட்டலும் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள், எனவே கேள். பில்லில் தகராறு வந்தால் புகார் எழுதுகிற அரசாங்கப் படிவமும் கடையில் வைத்திருக்க வேண்டும். படிவத்தைக் கேட்டாலே பாதிக் கடைகளில் பேச்சின் தொனி மாறிவிடும் என்று மாப்பிள்ளை சொன்னார். எங்கள் கல்லாவிலும் அப்படித்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போயிருந்த ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது, நானும் அம்மாவும் மத்தியானம் அதே கடையில் ஒதுங்கினோம். ராத்திரிதான் கூட்டத்தில் அப்படி, பகலில் ஒழுங்காகச் செய்வார்கள் என்று ஒரு நப்பாசை. அம்மா காப்பி மட்டும் வாங்கிக்கொண்டாள். நான் வாசல் பலகையில் படம் போட்டிருந்த பயேயா என்கிற அரிசிச் சாப்பாட்டைச் சொன்னேன். அது தப்பாஸே இல்லை, வலென்சியாக்காரர்களின் மத்தியானச் சாப்பாடு. இருந்தாலும் ஸ்பெயினுக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போவானேன்? பொதுவாக இரண்டு பேருக்குக் குறைந்து அதைச் செய்யமாட்டார்கள், அரிசி போட்டதிலிருந்தே இருபது நிமிஷம் ஆகும். எனக்கு ஒற்றை ஆளுக்கு, குடையை மடக்கி வைப்பதற்குள் வந்துவிட்டது. மஞ்சள் நிறத்தை வைத்து நான் குற்றம் சொல்லமாட்டேன், அங்கே வீடுகளிலேயே குங்குமப்பூவுக்குப் பதில் கலர்பொடி போடுகிறார்கள். ஆனால் கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்தேன். அடிப்பிடிப்பே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டுச் சுரண்டித் தின்பது அந்தக் காந்தலைத்தான். இது அடுப்பைப் பார்க்காத சோறு, நேற்றைய சாதத்தைச் சுடவைத்த மாதிரி பொலபொலவென்று இருந்தது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களும் பெட்டியோடு வந்த வெளியூர்க்காரர்கள்தான். ஒரு உள்ளூர்க் குரல் காதில் விழவில்லை.

அதற்காகத் தப்பாஸே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊர் கிராசியா பேட்டையில் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனாரே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நின்றுகொண்டே சாப்பிட்ட கடை. வாசலில் படமும் இல்லை, கூவிக் கூப்பிடுகிற ஆளும் இல்லை. பெரியவர் ஒருவர் சுட்ட ரொட்டியின் மேல் தக்காளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரம் கட்டித் தொங்கவிட்டு மாசக்கணக்கில் வைத்திருக்கிற சின்னத் தக்காளி. குறுக்கே வெட்டி, ரொட்டி முழுக்க அழுத்தித் தேய்த்து, கையில் வெறும் தோல் மிஞ்சியதும் தூக்கிப் போட்டார். மேலே எண்ணெய், இரண்டு கல் உப்பு. அம்மா மூன்று துண்டு சாப்பிட்டாள். தணலில் சுட்டுத் தோலுரித்த கத்திரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும் ஒரு தட்டு வந்தது, எஸ்கலிவாதா என்றார்கள். நெத்திலி மாதிரி ஒரு மீனை மேலே வைப்பது வழக்கமாம், அவர் கேட்டுவிட்டு வைக்காமல் கொடுத்தார். பெரும்பாலும் காரமில்லாத பத்ரோன் மிளகாயில் ஒன்று மாப்பிள்ளைக்குக் காரமாக மாட்டியதும் அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

எனவே ராத்திரி வேண்டாம், மத்தியானமாக வைத்துக்கொள். சம்பந்தி ஏழரைக்கெல்லாம் சாப்பிட்டுப் பழகியவர். அங்கே நல்ல கடைகளில் எட்டரைக்கு முன்னால் அடுப்பே பற்றவைக்கமாட்டார்கள். 1940-ல் பிராங்கோ கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்கு நகர்த்தி வைத்ததும் அந்த ஊர் தாமதமாகச் சாப்பிடுவதற்கு ஒரு காரணமாம். ஏழு மணிக்கு நிரம்பி வழிகிற கடையில் இருப்பதெல்லாம் நம்மைப் போன்ற யாத்திரீகர்கள். மத்தியானம் என்றால் உள்ளூர்க் குடும்பங்களே குழந்தை குட்டியோடு வந்து நிற்கும். அவர்கள் வெர்முத் என்கிற மதுவைக் குடிக்கட்டும், சம்பந்திக்கு மோஸ்தோ என்று திராட்சைச் சாறு கிடைக்கும், அதில் போதை கிடையாது. நிற்க முடியாதவர்களுக்கு உள்ளே இரண்டு மேஜை இருந்ததாக ஞாபகம், முன்னாடியே போய்ச் சொல்லி வை. சொல்லும்போது "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. மீன் வேண்டாம், ஹமோன் வேண்டாம், நெத்திலி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல். மீன் பொரித்த எண்ணெயா என்றும் கேட்டுவிடு.

இன்னொன்று, சம்பந்தியம்மா முட்டை சேர்ப்பார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. சேர்ப்பார்கள் என்றால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தோர்த்தியா வாங்கிக் கொடுக்கலாம். அப்புறம், சனிக்கிழமைகளில் அவர்கள் வெங்காயம் பூண்டு தொடமாட்டார்கள் என்று அம்மா சொல்கிறாள். அல்யோலி முழுக்கப் பூண்டுதான், தோர்த்தியாவிலும் பல கடைகளில் வெங்காயம் போடுகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமையாகவே பார்.

அன்புடன்,
அப்பா