உசிலம்பட்டிப் பக்கம் ஊசி போட வந்த நர்ஸ் அக்காவுக்கு

பாப்பா பிறந்து ஒன்றரை மாதம். அழுதாலும் தூக்கத் தோன்றாது. பால் கொடுக்கும்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். தடுப்பூசி போட வந்த நீங்கள்தான் என் முகத்தைக் கவனித்தீர்கள், அக்கா. மாமியாரைக் காபி போட அனுப்பிவிட்டு (என்ன சாமர்த்தியம்!) பக்கத்தில் உட்கார்ந்து, கடந்த 7 நாள் மனசு எப்படி இருந்தது என்று 10 கேள்வி கேட்டீர்கள். "பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு இது. சரியாயிரும் தாயி." பாப்பாவை என் முகம் பார்க்கிற மாதிரி மடியில் கிடத்தி, "நீ பேசு, அவ பதில் சொல்லுவா" என்றீர்கள். "ங்கா" என்றாள்!

தடுப்பூசி அட்டையின் பின்னால் நீங்கள் எழுதித் தந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசினேன். இப்போது பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் வைத்தியம் நடக்கிறது, தாய்ப்பாலை நிறுத்தாமலே. நீங்கள் மாற்றலாகிப் போனீர்களாம். எங்கிருந்தாலும் நன்றி அக்கா. மாமியாரும் சொல்லச் சொன்னார்.